ஜென்செட் புகையோட போற சூட்டை வச்சு கரண்ட் எடுக்க முடியுமா? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க

ராப்பகல்_ஓட்டம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க யூனிட்ல 125 கேவிஏ டீசல் ஜென்செட் ஒண்ணு ஒரு நாளைக்கு 10 மணி நேரம் ஓடுது, லைன் கரண்ட் கிடையாது, இதுதான் எல்லாத்துக்கும். சாதாரணமா 75 கிலோவாட் பக்கத்துல லோடு, மணிக்கு 20 லிட்டருக்கு மேல டீசல் குடிக்குது. சைலன்சர் பக்கத்துல போனாலே முகம் எரியுது, அவ்வளவு சூடும் சும்மா மேல போகுதேன்னு தினமும் மனசு அடிச்சுக்குது. ரெண்டு யோசனை வச்சிருக்கேன். ஒண்ணு, புகைக்குழாய் மேல பெல்டியர் மாட்யூல் (ஒரு பக்கம் சூடும் மறு பக்கம் குளிரும் இருந்தா கரண்ட் தர்ற சின்ன தட்டு) ஒரு 40 ஒட்டி கரண்ட் எடுக்கறது. இன்னொண்ணு, காயில் சுத்தி நீராவி பண்ணி சின்ன ஸ்டீம் என்ஜின் ஓட்டறது. குறைஞ்சது 5 கிலோவாட்டாவது வந்தா போதும். எது நடக்கும்?

கரிப்புகை எழுதியது:

நல்ல கேள்வி தம்பி, ஆனா கரண்ட்னு முடிவு பண்ணிட்டு ஆரம்பிக்காதீங்க, முதல்ல கணக்கு பாத்துடலாம்.

ஒரு லிட்டர் டீசல்ல சுமாரா 10 கிலோவாட் மணி சக்தி இருக்கு. நீங்க சொல்ற 20 லிட்டர்னா மணிக்கு 200 கிலோவாட் மணி உள்ள போகுது, வெளிய கரண்டா வர்றது 75. மீதி எங்க? புகையில சுமாரா 60 கிலோவாட், என்ஜினை குளிர வைக்க சுத்தி ஓடற ஜாக்கெட் தண்ணியில 40, டர்போவுக்கு அப்புறம் இருக்கற ஏர் கூலர், என்ஜின் உடம்பு, ஆல்டர்னேட்டர் இதுல எல்லாம் சேத்து மீதி. அந்த 60ஐ முழுசா பிடிக்க முடியாது, ஏன்னா புகையை 30 டிகிரி வரைக்கும் ஆற வச்சா ஆசிட் தண்ணி கொட்டும், அதை அப்புறம் பேசலாம். 180 டிகிரியோட நிறுத்திக்கிட்டா 35, 37 கிலோவாட் சூடு கையில வரும். சூடாவே பயன்படுத்தினா அந்த 35ம் உங்களுக்கு. கரண்டா மாத்தினா 1 வரலாம், 3 வரலாம், அதுக்கு மேல கஷ்டம்.

அதனால என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். உங்க இடத்துல சூடு எங்கயாவது தேவைப்படுதா?

ராப்பகல்_ஓட்டம் எழுதியது:

நன்றி அண்ணே. சூடு தேவை இருக்கு, இயந்திர உதிரி பாகங்களை கழுவற வேலைதான் எங்களுது, ஒரு நாளைக்கு 3,000 லிட்டர் 70 டிகிரி சுடுதண்ணி வேணும், அதுக்கு தனியா டீசல் பாய்லர் இருக்கு. ஆனா அதுல பெரிய செலவு இல்ல, நாளைக்கு 16, 17 லிட்டர்தான். கரண்ட்தான் எனக்கு முக்கியம். மாட்யூல் ஒண்ணு 60 வாட்னு போட்டிருக்கான், 40 வாங்கினா 2,400 வாட் வரணுமே?

இருமுனை எழுதியது:

அந்த 60 வாட் அது கொடுக்கற கரண்ட் இல்லங்க, அது குளிர வைக்கறதுக்கு அது *எடுத்துக்கற* கரண்ட். இதுல நிறைய பேர் ஏமாந்து போறாங்க, நான் தெர்மோஎலக்ட்ரிக் பக்கம் ஆறு வருஷம் வேலை பாத்தவ, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

ரெண்டு வேற வேற கடத்தியை இணைச்சு ஒரு முனையை சூடாக்கி மறு முனையை குளிர வச்சா மின்னழுத்தம் வரும்னு 1821லயே ஸீபெக் பாத்துட்டாரு. கொள்கையில தப்பே இல்ல. 1977ல கிளம்பின வாயேஜர் விண்கலம் இன்னைக்கும் அந்த முறையிலதான் ஓடுது, ஆனா அங்க சூடு தர்றது புளூட்டோனியம், ரிப்பேர் பண்ண ஆள் போக முடியாது, அதனால திறன் குறைவா இருந்தாலும் அசையற பாகமே இல்லாத ஒண்ணு வேணும். உங்க நிலைமை அது இல்ல.

நீங்க பாத்தது டிஇசி1-12706 மாதிரி குளிரூட்ட செஞ்ச மாட்யூலா இருக்கும். அதுல நிறைய மாட்யூலுக்கு உள்ள போட்டிருக்கற சால்டர் 138 டிகிரியிலயே உருகிடும். உங்க புகைக்குழாய் 400 டிகிரி. ஒரே நாள்ல தனித்தனியா கழண்டு வந்துடும். மின்சாரம் எடுக்கறதுக்குன்னே செஞ்ச பிஸ்மத் டெல்லுரைடு மாட்யூல் வேற, அது சூடான பக்கம் 250 டிகிரி பக்கம் வரைக்கும் தாங்கும், நல்லா பொருத்தினா 4, 5 சதவீதம் கொடுக்கும். ஆனா அந்த "நல்லா பொருத்தினா"லதான் எல்லாம் இருக்கு. புகையிலேர்ந்து உலோகத்துக்கு சூடு ஏறறது ரொம்ப மந்தம், குழாய்க்கு உள்ள ஃபின் (சூட்டை வாங்கற மெல்லிய தகடு) இல்லாம வெளிய ஒட்டினா மாட்யூலோட சூடான முகம் புகையோட வெப்பநிலைக்கு பக்கத்துலயே போகாது. அந்தப் பக்கம் குளிர வைக்க தண்ணி, பம்ப், சில சமயம் ஃபேன். உங்க 36 கிலோவாட்ல நிகரமா ஒரு கிலோவாட் வந்தாலே நான் சந்தோஷப்படுவேன். எனக்கு ரொம்ப பிடிச்ச துறைங்க இது, அதனாலதான் சொல்றேன், தப்பான இடத்துல போட்டு அதுமேல யாருக்கும் வெறுப்பு வரக்கூடாது.

தலைகீழ்ஃப்ரிட்ஜ் எழுதியது:

ஓஆர்சி பத்தி யாரும் பேசலயே? ஆர்கானிக் ரேங்கின் சுழற்சி, அதாவது தண்ணிக்கு பதிலா குறைஞ்ச வெப்பத்துல கொதிக்கற திரவத்தை வச்சு நீராவி என்ஜின் மாதிரியே ஓட்டறது, ஃப்ரிட்ஜை திருப்பிப் போட்ட மாதிரி. அமெரிக்காவுல சூப்பர்ட்ரக் திட்டத்துல கம்மின்ஸ் கம்பெனிக்காரங்க ஆர்245எஃப்ஏங்கற திரவத்தை வச்சு லாரி என்ஜின்ல செஞ்சு காட்டினாங்க, என்ஜின் திறன் 50 சதவீதத்தை தாண்டிச்சு, அதுல இந்த வெப்ப மீட்புக்கும் நல்ல பங்கு. அதனால முடியாதுன்னு சொல்லிட முடியாது.

ஆனா நேர்மையா சொல்லணும்னா, 36 கிலோவாட் சூட்டுக்கு 10 சதவீதம்னு வச்சா 3.6 கிலோவாட். அதுல ஃபீட் பம்ப், கண்டென்சர் ஃபேன் போக 3 இல்ல 2.5. மீதி 32 கிலோவாட்டை திரும்ப காத்துல விடணும், அதுக்கு ஒரு ரேடியேட்டர். எக்ஸ்பேண்டர் வேற, அதாவது ஆவி விரியற வேகத்துல சுத்தற பாகம், இந்த சைஸ்ல நல்லதா கிடைக்கறது பெரும்பாடு, ஸ்க்ரோல் கம்ப்ரசரை திருப்பி ஓட்டறவங்க இருக்காங்க, நானும் செஞ்சிருக்கேன், ஆயில் சுத்தறதும் சீல் கசியறதும்தான் பாதி வேலை. 1 மெகாவாட்டுக்கு மேல ஓடற பவர் ஹவுஸ்னா நான் கண்ணை மூடிக்கிட்டு ஓஆர்சின்னு சொல்வேன். 100 கிலோவாட்டுக்கு சொல்ல மாட்டேன்.

இன்னொரு வழி டர்போ காம்பவுண்ட், டர்போவுக்கு அடுத்து இன்னொரு டர்பைன் வச்சு கியர் வழியா கிராங்க் ஷாஃப்டுக்கே சக்தியை கொடுக்கறது. ஸ்கேனியா 1991லயே லாரியில போட்டாங்க. ஆனா அது என்ஜின் டிசைன் பண்றப்பவே செய்ய வேண்டியது, நாம வெளிய மாட்டறது இல்ல.

புதுவரவு77 எழுதியது:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், டர்போவுக்கு முன்னாடி 600 டிகிரிக்கு மேல இருக்குமே, அங்கயே சூட்டை எடுத்தா அதிகம் வராதா?

கரிப்புகை எழுதியது:

வரும், ஆனா டர்போ பட்டினி கிடக்கும். டர்போவே ஒரு வேஸ்ட் ஹீட் மீட்புதான், 1905ல ப்யூக்கி காப்புரிமை வாங்கினது அதுக்குத்தான். அதுக்கு முன்னாடி சூட்டை பிடுங்கினா பூஸ்ட் குறையும், காத்து குறையும், கரும்புகை வரும். டர்போ தின்னு முடிச்ச மிச்சத்துலதான் நாம கை வைக்கணும். அதே மாதிரி எஸ்சிஆர் (புகையில நைட்ரஜன் ஆக்சைடை குறைக்கறது), பார்ட்டிகுலேட் ஃபில்டர் (கரியை பிடிக்கறது) இருக்கற என்ஜின்னா அதுக்கெல்லாம் அப்புறம்தான் எக்ஸ்சேஞ்சர், அதாவது புகை சூட்டை தண்ணிக்கு மாத்தற பெட்டி, எஸ்சிஆர் வேலை செய்யவே 200, 250 டிகிரி வேணும்.

நடுக்கடல் எழுதியது:

கப்பல்ல 22 வருஷம் என்ஜின் ரூம்ல இருந்தவன். எங்களுக்கு இது புது விஷயமே இல்ல, பெரிய டூ ஸ்ட்ரோக் என்ஜின் உள்ள கப்பல்னா பெரும்பாலும் புகைபோக்கியில எகனாமைசர், அதாவது புகை சூட்டுல நீராவி எடுக்கற ட்யூப் கூடு, இருக்கும். டர்போவுக்கு அப்புறம் 230லேர்ந்து 270 டிகிரி புகைதான், அதுலயே 7 பார் நீராவி, அதாவது 170 டிகிரி, அதை வச்சு எரிபொருளை சூடாக்கறது, டேங்க் சூடாக்கறது எல்லாம் ஓடும். ஜாக்கெட் தண்ணி 80, 85 டிகிரி இருக்கே, அதை வச்சு வெற்றிடத்துல கடல்தண்ணியை கொதிக்க வச்சு குடிதண்ணி எடுப்போம். நல்லா கவனிங்க, எந்த சூடு எந்த வேலைக்குன்னு பிரிச்சிருப்பாங்க, 80 டிகிரியில நடக்கற வேலைக்கு யாரும் 250 டிகிரியை வீணாக்க மாட்டாங்க.

இப்ப நான் சொல்ல வந்தது வேற. கரி. எல்லாரும் கிலோவாட் கணக்கு போடறாங்க, கரி கணக்கு யாரும் போடறதில்ல. லோடு குறையறப்ப புகையோட வேகம் குறையும், நொடிக்கு 10 மீட்டருக்கு கீழ போச்சுன்னா கரி ட்யூப்ல உக்கார ஆரம்பிக்கும், அதோட எரியாத எண்ணெயும் சேந்து பிசுபிசுன்னு ஒட்டும். காய்ஞ்ச கரி 300, 400 டிகிரியிலதான் பத்தும், ஆனா எண்ணெய் ஊறின கரி 150 டிகிரியிலயே பத்திக்கும். என் கண்ணு முன்னாடி ஒரு தடவை பத்திருக்கு. துறைமுகத்தை விட்டு மெதுவா கிளம்பி, மணிக்கணக்கா குறைஞ்ச வேகத்துல வந்து, அப்புறம் வேகம் கூட்டினோம், எகனாமைசர் கேசிங் செவந்துடுச்சு. சுத்தி ஓடற தண்ணி நின்னு போயிருந்துச்சு, பம்ப் ட்ரிப் ஆனதை யாரும் பாக்கல. அந்த மாதிரி தீ முத்திப்போய் 1,100 டிகிரி தாண்டினா ட்யூப் இரும்பே எரியும், அதுக்கு அப்புறம் தண்ணி அடிச்சா இன்னும் மோசம். எங்களுக்கு அந்த அளவுக்கு போகல, ட்யூப் வரிசை ஒண்ணு மட்டும் போச்சு. அன்னைக்கு ராத்திரி நான் வேர்த்து நின்னது இன்னும் ஞாபகம் இருக்கு.

அதனால தம்பி, சின்னதா செஞ்சாலும் மூணு விஷயம் விடாதீங்க. என்ஜின் ஸ்டார்ட் ஆகறதுக்கு முன்னாடியே தண்ணி ஓடணும், என்ஜின் நின்ன பிறகும் ஆறுற வரைக்கும் ஓடணும், கையை விட்டு சுத்தம் பண்ற மாதிரி கதவு இருக்கணும். ட்யூபை பாக்கவே முடியாத மாதிரி வெல்ட் பண்ணி மூடினதை என் வாழ்க்கையில நான் ஏத்துக்க மாட்டேன்.

ராப்பகல்_ஓட்டம் எழுதியது:

படிக்கறப்பவே பயமா இருக்கு அண்ணே, ஆனா ரொம்ப நன்றி. கரண்ட் ஆசையை விட்டுட்டேன். இன்னைக்கு அளந்தேன். கே டைப் தெர்மோகப்பிள் (சூடு அளக்கற கம்பி) டர்போவுக்கு ஒரு அடி தள்ளி வச்சேன், 76 கிலோவாட் லோடுல 420 டிகிரி. ட்ரான்ஸ்பரன்ட் ஹோஸை யூ மாதிரி வளைச்சு தண்ணி ஊத்தி பேக் பிரஷர் (புகை வெளிய போக இருக்கற எதிர்ப்பு) பாத்தேன், 290 மிமீ தண்ணி. என்ஜின் புத்தகத்துல 6 கிலோபாஸ்கல் வரைக்கும் போகலாம்னு இருக்கு, அது 610 மிமீ தண்ணி. அப்ப எனக்கு 320 மிமீ மிச்சம் இருக்கு, தாராளம் இல்லையா?

வால்வுமூடி எழுதியது:

தாராளம் இல்ல. எந்த லோடுல அளந்தீங்க, 76ல. ஃபுல் லோடு 100ல புகை அளவு சுமாரா 640 கிலோ மணிக்கு, இப்ப 500 கிலோ. பிரஷர் ட்ராப் அளவோட இருமடி விகிதத்துல ஏறும், 290 அங்க 475 ஆயிடும். அப்ப மிச்சம் 135தான். அந்த 135ஐ இப்போ இருக்கற 500 கிலோவுக்கு திருப்பி கணக்கு போட்டா எக்ஸ்சேஞ்சர் 80 மிமீக்கு மேல தின்னக்கூடாது, கரி படியறதுக்கும் சேத்து. பேக் பிரஷர் ஏறினா டீசல் அதிகம் குடிக்கும், வால்வ் சூடேறும், டர்போ திணறும், மிச்சம் பிடிக்கற காசு அங்கயே போயிடும். யூ ட்யூபை கழட்டாதீங்க, நிரந்தரமா வச்சிருங்க. கரி எவ்வளவு படிஞ்சிருக்குன்னு அதுதான் சொல்லும்.

இனி தேவை பக்கம். 3,000 லிட்டர் தண்ணியை 30லேர்ந்து 70க்கு ஏத்த 140 கிலோவாட் மணி. 10 மணி நேரத்துல பரப்பினா 14 கிலோவாட். உங்க ஜாக்கெட் தண்ணியிலயே 40 கிலோவாட் 85 டிகிரியில ரேடியேட்டருக்கு போய்க்கிட்டிருக்கு! ஒரு ப்ளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் போதும், புகைக்குழாயை தொடவே வேண்டாம். தெர்மோஸ்டாட்டுக்கு வெளிப்பக்கம் எடுங்க, என்ஜினுக்கு திரும்பற தண்ணி ரொம்ப ஆறிடக்கூடாது, கூலன்ட் நேரா கழுவற தண்ணியோட சேரவே கூடாது, எத்திலீன் கிளைக்கால் விஷம். ராத்திரிக்கு ஒரு இன்சுலேட் பண்ண டேங்க் வச்சுக்கங்க.

கரண்ட்தான் முக்கியம்னு திரும்பத் திரும்ப சொல்றீங்களே, அந்த 76 கிலோவாட்ல எது எது ஓடுதுன்னு ஒரு தடவை எழுதுங்களேன்.

ராப்பகல்_ஓட்டம் எழுதியது:

பம்ப், கம்ப்ரசர், லைட், ரெண்டு ஹாய்ஸ்ட். அப்புறம் கழுவின பாகங்களை காய வைக்கற ரூம், அதுல 18 கிலோவாட் ஹீட்டர் காயில், 120 டிகிரி செட் பண்ணிருக்கு, அது நாள் முழுக்க ஓடும்.

கரிப்புகை எழுதியது:

தம்பி, இதை முதல் பதிவுலயே சொல்லிருந்தீங்கன்னா!

ஒரு லிட்டர் டீசலை எரிச்சு அதுல 10ல 6 பங்குக்கு மேல சூட்டை கூரைக்கு மேல விட்டுட்டு, மிச்சம் கிடைச்ச கரண்டை கொண்டுபோய் திரும்ப சூடாக்கறீங்க. சூட்டுலேர்ந்து கரண்ட், கரண்ட்லேர்ந்து சூடு. நீங்க 5 கிலோவாட் *தயாரிக்க* வழி தேடறீங்க, 18 கிலோவாட் *தேவையே இல்லாம* போற வழி உங்க காய வைக்கற ரூம்ல இருக்கு. புகை சூட்டை அங்க கொண்டுபோங்க. எந்த மாட்யூலும் எந்த ஓஆர்சியும் இதுக்கு பக்கத்துல வராது.

ராப்பகல்_ஓட்டம் எழுதியது:

அப்ப புகைக்குழாயை ரூமுக்குள்ள கொண்டுபோய் அதுமேல ஃபேன் வச்சு காத்தை ஊதினா போதுமா?

நடுக்கடல் எழுதியது:

வேண்டாம். உங்க புகைப்பக்கம் 300 மிமீ பிரஷர்ல இருக்கு, ரூம் காத்துக்கு அந்த பிரஷர் கிடையாது. ஒரு வெல்ட் விரிசல் விட்டா புகை ரூமுக்குள்ளதான் வரும், கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு எல்லாம் சேத்து. பாகங்களை எடுக்க ஆள் உள்ள போவாங்க இல்ல? நடுவுல ஒரு திரவம் இருக்கட்டும்.

தலைகீழ்ஃப்ரிட்ஜ் எழுதியது:

120 டிகிரி காத்து வேணும்னா 140 டிகிரி திரவம் வேணும். தெர்மிக் ஆயில் போட்டா பிரஷர் இல்லாம 200 வரைக்கும் போகலாம், ஆனா பம்ப் நின்னா ட்யூபுக்குள்ள இருக்கற ஆயில் கருகும், கசிஞ்சா புகைக்குழாய் மேலயே தீ. தண்ணின்னா 140 டிகிரிக்கு 2.6 பார் கேஜ் பிரஷர், அப்ப அது பிரஷர் வெசல், பாய்லர் விதியெல்லாம் வரும், டெஸ்ட் பண்ணணும், தகுதி உள்ள வெல்டர் வேணும். ரெண்டுலயும் தலைவலி இருக்கு, நான் ஆயில் பக்கம்தான் சாய்வேன்.

வால்வுமூடி எழுதியது:

நான் ரெண்டு பக்கமும் சாயல. 120 எதுக்கு? பெயின்ட் காய வைக்கறாங்களா, இல்ல தண்ணியை மட்டும் விரட்டறாங்களா? தண்ணி போகறதுக்கு 120 வேண்டாம், ஈரக்காத்து வெளிய போகணும், காய்ஞ்ச காத்து உள்ள வரணும், பாகத்து மேல வேகமா ஓடணும். 75, 80 டிகிரி போதும். ரூம்ல எக்ஸாஸ்ட் இருக்கா?

ராப்பகல்_ஓட்டம் எழுதியது:

பெயின்ட் இல்ல, தண்ணி மட்டும்தான். எக்ஸாஸ்ட் ஒரு சின்ன ஓட்டை, அதையும் சூடு போகுதுன்னு துணி வச்சு அடைச்சிருந்தாங்க. இன்னைக்கு துணியை எடுத்துட்டு, சுவர் ஃபேனை உள்பக்கம் திருப்பி வச்சு, ஹீட்டரை 80ல வச்சு பாத்தேன். முன்ன ஒரு ட்ராலி காய 50 நிமிஷம், இன்னைக்கு 35 நிமிஷம்! நானே ரெண்டு தடவை நேரம் பாத்து உறுதி பண்ணேன்.

வால்வுமூடி எழுதியது:

அப்ப முடிஞ்சுது. 95 டிகிரி தண்ணி, மேல திறந்த எக்ஸ்பான்ஷன் டேங்க், பிரஷரே இல்ல. ரூம்ல ஃபின் காயில், அதுக்கு பின்னாடி ஃபேன். எக்ஸ்சேஞ்சர் சைஸ் சொல்றேன். புகை 420லேர்ந்து 180, தண்ணி 75லேர்ந்து 95னு வச்சா சராசரி வித்தியாசம் 195 டிகிரி வரும், கரி படிஞ்ச பிறகும் ஓடணும்னு சதுர மீட்டருக்கு டிகிரிக்கு 25 வாட்னு எடுத்துக்கங்க, 36 கிலோவாட்டுக்கு 7 சதுர மீட்டர் கிட்ட. ஆனா உங்களுக்கு 36 வேண்டாமே. ஹீட்டரை நிறுத்தினதும் லோடு 58க்கு இறங்கிடும், புகையும் குறையும், அதோட சூடும் இறங்கும், 365 டிகிரின்னு வைங்க, அப்ப கிடைக்கறதே 24 கிலோவாட்தான். இதை நிறைய பேர் மறந்துட்டு பழைய லோடுக்கு டிசைன் பண்ணிடறாங்க. 5 சதுர மீட்டர் போதும், ஃபின் நெருக்கமா வேண்டாம், கரி அடைச்சுக்கும், பிளெய்ன் ட்யூபே நல்லது.

பைபாஸ் டேம்பர், அதாவது புகையை எக்ஸ்சேஞ்சருக்குள்ள விடாம பக்கத்து குழாய்ல திருப்பி விடற தட்டு, கட்டாயம். தண்ணி 97 தொட்டா புகை தானா பைபாஸ்ல போகணும், பம்ப் நின்னாலும் அதே.

இருமுனை எழுதியது:

ஒண்ணு சேத்துக்கறேன், டேம்பர் மோட்டாருக்கு கரண்ட் போனா ஸ்ப்ரிங்கே அதை பைபாஸ் பக்கம் தள்ளற மாதிரி வாங்குங்க. கரண்ட் இருந்தாதான் பாதுகாப்புன்னு இருக்கக்கூடாது.

கரிப்புகை எழுதியது:

இந்த இடத்துல நான் பட்டதை எழுதிடறேன், இதை படிக்கற யாரும் திரும்ப செய்யக்கூடாது. பல வருஷம் முன்னாடி ஒரு சின்ன என்ஜின்ல காப்பர் காயில் சுத்தி ரெண்டு முனையிலயும் வால்வ் போட்டிருந்தேன். தண்ணி வரல, காயில் காய்ஞ்சு கிடந்துச்சு, என்ஜின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. அவசரத்துல தண்ணி வால்வை திறந்தேன், வெளிய போற வால்வ் மூடியிருந்ததை பாக்கல. தண்ணி நீராவியானா சாதாரண அழுத்தத்துல கிட்டத்தட்ட 1,700 மடங்கு விரியும். ஜாயின்ட் பிச்சுக்கிட்டு போச்சு, வலது முழங்கைக்கு கீழ வெந்துடுச்சு, கூட நின்ன பையனுக்கு ஒண்ணும் ஆகல, அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல். எக்ஸ்சேஞ்சருக்கும் திறந்த டேங்குக்கும் நடுவுல எந்த வால்வும் வேண்டாம், ஒண்ணு கூட வேண்டாம். சேஃப்டி வால்வ் தனியா இருக்கட்டும். காய்ஞ்சு போனா என்ஜினை நிறுத்துங்க, தானா ஆறட்டும், அதுக்கு முன்னாடி தண்ணி விடாதீங்க.

புதுவரவு77 எழுதியது:

இதே சூட்டை வச்சு ஏசி ஓட்ட முடியும்னு கேள்விப்பட்டேனே?

தலைகீழ்ஃப்ரிட்ஜ் எழுதியது:

முடியும், லித்தியம் ப்ரோமைடு அப்சார்ப்ஷன் சில்லர், சூட்டை வச்சே குளிர் தர்ற மெஷின். 90 டிகிரி தண்ணி கொடுத்தா ஒரு கிலோவாட் சூட்டுக்கு 0.7 கிலோவாட் குளிர், அதே சூட்டை ரெண்டு தடவை பயன்படுத்தற டபுள் எஃபெக்ட்ல புகையை நேரா விட்டா 1.2க்கு மேல. கூலிங் டவர் வேணும். தனி இழை ஆரம்பிங்க, ஆசையா எழுதறேன்.

ராப்பகல்_ஓட்டம் எழுதியது:

அஞ்சு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க. ஓடுது!

டர்போவுக்கு அப்புறம் பெல்லோஸ் (சூட்டுல குழாய் நீள்றதை தாங்கற மடிப்பு குழாய்), அப்புறம் எக்ஸ்சேஞ்சர், அதுக்கு மேல பழைய சைலன்சர். ஸ்டெயின்லெஸ் ட்யூப் ஒரு மீட்டர் 400 டிகிரிக்கு 7 மிமீ நீளும்னு ஒருத்தர் தனிச்செய்தியில சொன்னதால ட்யூப் ஷீட், அதாவது ட்யூப் முனைகளை பிடிச்சிருக்கற தகடு, ஒரு பக்கம் நகர்ற மாதிரி விட்டோம். நடுக்கடல் அண்ணன் சொன்ன கதவு ரெண்டு பக்கமும் இருக்கு, பிரஷ் உள்ள போகுது. ஜாக்கெட்ல ப்ளேட் எக்ஸ்சேஞ்சர் தனியா, கழுவற தண்ணி அதுலயே 68, 70 வருது, பாய்லர் திங்கட்கிழமை காலையில மட்டும் எரியுது.

லோடு 76லேர்ந்து 58. டீசல் மணிக்கு 20.5லேர்ந்து 16 லிட்டர் பக்கம் வந்திருக்கு, பாய்லர்ல மிச்சம் ஆனதையும் சேத்தா ஒரு நாளைக்கு 55லேர்ந்து 60 லிட்டர். முதல் பதிவுல 5 கிலோவாட் கேட்டு வந்தவன் நான், இதை எழுதறப்ப கண்ணு கலங்குது.

பிரச்சனையும் சொல்லணும். காலையில ஸ்டார்ட் பண்ணி 20 நிமிஷத்துக்கு ரூம் சூடாகாது, பழைய ஹீட்டர்ல 6 கிலோவாட் மட்டும் அதுக்கு விட்டு வச்சிருக்கேன். சுத்தமா இருக்கறப்ப 58 லோடுல 260 மிமீ. வால்வுமூடி சார் கணக்குப்படி லோடு 90 தாண்டினா பைபாஸ் தானா திறக்கும், 310 மிமீ வந்தா பிரஷ் போடணும்னு சுவத்துல கோடு கிழிச்சிருக்கோம். முதல் தடவை ஏழு வாரத்துல வந்துச்சு, ரெண்டாவது தடவை மூணே வாரத்துல, ஏன்னு புரியல.

இன்னொண்ணு, அடியில வச்ச ட்ரெயின்லேர்ந்து காலையில கறுப்பா தண்ணி வருது, அரை லிட்டர் இருக்கும். தரையில பட்ட இடம் பொரிஞ்சு போச்சு.

நடுக்கடல் எழுதியது:

அந்த தண்ணி கந்தக ஆசிட். ஒரு கிலோ டீசல் எரிஞ்சா ஒரு கிலோவுக்கு மேல தண்ணி ஆவி வரும், ட்யூப் ஆறியிருக்கறப்ப அது அங்கயே படியும், டீசல்ல இருக்கற கந்தகமும் அதோட சேரும். கை படாம பிடிச்சு, சுண்ணாம்பு போட்டு சமன் பண்ணிட்டு ஊத்துங்க. குறைக்க ஒரே வழி, ஸ்டார்ட் பண்ண உடனே புகையை பைபாஸ்ல விட்டு, தண்ணி 60 தாண்டினதும் எக்ஸ்சேஞ்சருக்கு திருப்பறது. பம்ப் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கட்டும், அதுல மாத்தம் இல்ல.

மூணு வாரத்துல அடைச்சதுக்கு ஏன்னு கேட்டீங்க. அந்த மூணு வாரத்துல லோடு எவ்வளவு இருந்துச்சு? ரெண்டு ஷிஃப்ட் குறைச்சு ஓட்டினீங்களா?

ராப்பகல்_ஓட்டம் எழுதியது:

ஆமா அண்ணே, வேலை கம்மி, பாதி நாள் 30 கிலோவாட்லயே ஓடிச்சு. புகை 270 டிகிரிக்கு மேல ஏறவே இல்ல.

நடுக்கடல் எழுதியது:

அதேதான். 40க்கு கீழ லோடு இருந்தா பைபாஸை திறந்து விடுங்க, அன்னைக்கு ஹீட்டர்ல காய வச்சுக்கங்க, அந்த லோடு என்ஜினுக்கும் நல்லது. இந்த வாரம் கதவை திறந்து மேல் வரிசை ட்யூப் பின்பக்கம் விரலை வச்சு பாருங்க, பொடியா உதிருதா, இல்ல பிசுபிசுன்னு ஒட்டுதான்னு எழுதுங்க. ஒட்டினா சுத்தம் பண்ற வரைக்கும் ஃபுல் லோடு போட வேண்டாம்.

ராப்பகல்_ஓட்டம் எழுதியது:

இப்பதான் திறந்தேன். மேல் ரெண்டு வரிசை ஒட்டுது. பைபாஸ்ல போட்டுட்டேன், ஞாயித்துக்கிழமை என்ஜின் ஆறினதும் பிரஷ்.